மர வில்லுக்குப் பூச்சு: எண்ணெய்க்கு முன் அரக்கு

கையால் செதுக்கிய மர வில்லுக்கு நாலு தடவை எண்ணெய் தேய்த்துவிட்டால் ஈரம் அண்டாது என்று பலர் நம்புகிறார்கள். அண்டும். எதைப் பூசினாலும் அண்டும். காற்றிலுள்ள ஈரம் ஆவியாக மரத்துக்குள் போவதும், வறண்ட நாட்களில் அதே வழியாக வெளியே வருவதும் ஒருநாளும் நிற்காது. அந்தப் போக்குவரத்தின் வேகத்தைக் குறைப்பதுதான் பூச்சால் முடிந்த காரியம். நாலு நாள் அடைமழையில் மரம் குடித்துவிடக்கூடிய ஈரத்தை, பல வாரங்களுக்கு இழுத்தடித்தால் போதும். அதற்குள் வானிலை மாறிவிடும்.

இந்த வேலையில் ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில், மிகவும் பலவீனம். தண்ணீர்த் துளி மேலே முத்துப்போல உருண்டு ஓடுவதைப் பார்த்து ஏமாந்துபோகிறோம். துளியைத் தடுப்பது வேறு, ஆவியைத் தடுப்பது வேறு. ஆவியைத் தடுப்பதில் அரக்கு, அதாவது ஷெல்லாக், எண்ணெயைவிட எவ்வளவோ மேல். ஆனால் அரக்கின் மேல் தண்ணீர் தேங்கினால் வெளுத்துப்போகும், ஸ்பிரிட் பட்டால் கரையும். அந்தக் குறையை எண்ணெயும் வார்னிஷும் கலந்த மேல்பூச்சு சரிக்கட்டும். அதனால் அடியில் அரக்கு, அதன் மேல் எண்ணெய் வார்னிஷ், கடைசியில் மெழுகு என்ற வரிசையைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஸ்பிரே துப்பாக்கியோ விலையுயர்ந்த சாமானோ தேவையில்லை, துணி போதும்.

பூசும் முன் மரம் எந்த நிலையில் இருக்கிறது?

இங்கேதான் பாதி வில்கள் கெடுகின்றன. ஈர மரத்தின் மேல் நல்ல பூச்சு போட்டால், அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்ததாகிவிடும்.

வில்லுக்கு ஏற்ற ஈரம் 8 முதல் 10 சதவீதம். 12-ஐத் தாண்டினால், நம்மைப் பார்க்கும் பக்கமான வயிற்றிலுள்ள நார்கள் அழுத்தம் தாங்காமல் நசுங்கத் தொடங்கும். நாணை இறக்கிய பிறகும் வில் வளைந்தே நிற்கும், அம்பின் வேகமும் குறையும். 6-க்குக் கீழே போனால் மரம் மொறுமொறுவென்று ஆகி, இலக்கைப் பார்க்கும் பக்கமான முதுகில் தெறித்து முறியும். சாதாரண அறை வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் மரம் ஏறத்தாழ 6 சதவீதத்தில் வந்து நிற்கும். 50 என்றால் 9, 65 என்றால் 12, 80 என்றால் 16. இந்த நாலு எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது.

ஈரமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சமையலறைத் தராசு போதும். முழுக்க உலர்ந்த நிலையில் 550 கிராம் உள்ள வில்லில் 1 சதவீத ஈரம் என்பது ஐந்தரை கிராம். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருக்கும் இடத்தில் வில்லைப் படுக்க வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். தொடர்ந்து நாலு நாள் ஒரு கிராமுக்கு மேல் மாறவில்லை என்றால் மரம் நிலைக்கு வந்துவிட்டது. எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். ஒன்றைக் கவனியுங்கள்: 80 சதவீத ஈரப்பதமுள்ள அறையிலும் எடை நிலைத்து நிற்கும், ஆனால் 16 சதவீதத்தில் நிற்கும். தராசோடு காற்றின் ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஒன்றையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, டில்லரிங், அதாவது வில்லின் இரு கைகளும் (பிடிக்கு மேலும் கீழும் உள்ள பாதிகள்) சமமாக வளையும்படி செதுக்கிச் சரிசெய்வது, முழுதாக முடிந்திருக்க வேண்டும். புது வில்லில் குறைந்தது 100 அம்பாவது எய்துவிட்டு, இரண்டு கைகளின் வளைவையும் மறுபடி பாருங்கள். எய்ய எய்ய மரம் கொஞ்சம் படியும், ஒரு கை மற்றதைவிடத் தளர்ந்துவிடுவதும் உண்டு. பூசிய பிறகு சுரண்ட நேர்ந்தால் உப்புத்தாள் பிசின் பிடித்து அடைத்துக்கொள்ளும், சுரண்டிய இடம் திட்டாகவும் தெரியும்.

தேய்ப்பு

பூச்சு எதையும் மறைக்காது, உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும். வயிற்றையும் பக்கங்களையும் 80, 120, 180, 240 என்று படிப்படியாக உப்புத்தாளால் தேய்க்கலாம். எல்லாமே ரேகையின் நீளவாக்கில். முதுகில் மட்டும் 180-க்குக் கீழே இறங்க வேண்டாம். அங்கே ஒரே ஆண்டு வளையம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும், கரடுமுரடான தாள் கணுவின் மேட்டில் அதை நொடியில் அறுத்துவிடும். முதுகுக்குக் குறுக்கே ஓடும் கீறல்தான் ஆபத்தானது. முழு இழுப்பில் முதுகின் மேற்பரப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் நீள்கிறது, முறிவு தொடங்க இடம் தேடுகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். ஓர விளிம்புகளைப் பென்சில் பருமனுக்கு உருட்டிவிடுங்கள். கூர்விளிம்பில் நார் பிய்ந்துகொள்ளும், அங்கே பூச்சும் மெலிந்துபோகும்.

பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சை மரத்தோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்து நுனி முதல் நுனி வரை நகர்த்துங்கள். மேலிருந்து பார்க்கும்போது பட்டுப்போலத் தெரிந்த வயிற்றில், 80-ஆம் எண் தாளின் தடங்கள் உழவுச் சால்போல நிழலோடு எழுந்து நிற்கும். ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தால் மிச்சமும் தெரிந்துவிடும். பூசிய பின் எப்படி இருக்கும் என்பதை அந்த அரை நிமிட ஈரம் அப்படியே காட்டிவிடும். திருப்தியான பிறகு, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் லேசாகத் துடைத்து உலர விடுங்கள். மயிர்போல நார் எழும்பும். 320-ஆம் எண் தாளால் மேலோட்டமாக அதை வழித்துவிட வேண்டும், அழுத்தினால் புது நார் எழும்பும். இதற்கு மேல் வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு விலகி வட்ட வட்டமாகப் பள்ளம் விடும்.

பிடியில் தோல் ஒட்டுவதாக இருந்தால் அந்த இடத்தை டேப் சுற்றி வெறும் மரமாக விட்டுவிடுங்கள். எண்ணெய் குடித்த மரத்தில் பசை பிடிக்காது.

அரக்குப் பூச்சு

மெழுகு நீக்கிய அரக்குச் செதில் 15 கிராம், மரவேலைக்கு விற்கும் ஸ்பிரிட் 100 மில்லி. கண்ணாடிப் புட்டியில் போட்டு அவ்வப்போது குலுக்கினால் ஓர் இரவில் கரைந்துவிடும். மெல்லிய துணியில் வடிகட்டி, கரைத்த தேதியைப் புட்டியில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கரைசல் சரியாகக் காயாது. சந்தேகம் வந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டைத் தடவிப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் விரல் ரேகை பதிந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். மெழுகு நீக்கிய செதிலைச் சொல்வதற்குக் காரணம், மெழுகுள்ள அரக்கின் மேல் வார்னிஷ் சரியாகப் பிடிக்காமல் பின்னால் உரியும். பாலியூரித்தேன் கலந்த வார்னிஷ் என்றால் இன்னும் மோசம்.

கொஞ்சம் பஞ்சை மெல்லிய காட்டன் துணியில் பொதிந்து உருண்டையாக்கிக்கொள்ளுங்கள். அழுத்தினால் சொட்டு விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அளவுக்கு அதில் ஈரம் இருக்க வேண்டும். பிடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. போன இடத்துக்கு உடனே திரும்பக் கூடாது. அரக்கு அரை நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடும், மறுபடி தேய்த்தால் இழுபட்டுத் திட்டாகும். விட்டுப்போன இடம் கண்ணில் பட்டாலும் அடுத்த பூச்சில் பார்த்துக்கொள்ளலாம். முக்கால் மணி நேர இடைவெளியில் மூன்று பூச்சு. இரண்டாவதுக்குப் பின் 320-ஆம் எண் தாளால் லேசாகத் தடவிவிடுங்கள்.

நாண் மாட்டும் பள்ளங்களுக்கும் இரு நுனிகளுக்கும் மட்டும் கூடுதலாக இரண்டு பூச்சு வேண்டும். அங்கே நார்களின் வெட்டுவாய் திறந்திருக்கிறது. உறிஞ்சுகுழல் கட்டொன்றைக் குறுக்கே அரிந்துவைத்த மாதிரி. பக்கவாட்டைவிட அந்த வழியாக ஈரம் பல மடங்கு வேகமாக ஏறும். வில் முழுக்க அழகாகப் பூசிவிட்டுப் பள்ளத்தின் உட்பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவதை அடிக்கடி பார்க்கலாம். ஒரு தீக்குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் தடவினால் வேலை முடிந்தது.

மழைக்கால நாட்களில் அரக்கு பூசவே வேண்டாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பூச்சு பால்போல வெளுக்கும். வெளுத்துவிட்டால் பதற வேண்டாம், வறண்ட நாளில் ஸ்பிரிட் துணியால் ஒருமுறை மெல்லத் தடவினால் சரியாகிவிடும்.

எண்ணெய் வார்னிஷ்

ஓர் இரவு விட்டு, மறுநாள் மேல்பூச்சு. பாய்ல்டு லின்சீட் ஆயில் 30 மில்லி, ஸ்பார் வார்னிஷ் 30 மில்லி, டர்பன்டைன் 30 மில்லி. பெயரில் பாய்ல்டு இருந்தாலும் கடையில் வருவது காய்ச்சிய எண்ணெய் அல்ல, சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்த்த எண்ணெய். சேர்க்காத பச்சை எண்ணெயில் இதே வேலையைச் செய்தால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். ஸ்பார் வார்னிஷ் படகுகளின் பாய்மரத்துக்காகவே உண்டானது. மரத்தோடு சேர்ந்து வளையும். மேசை நாற்காலிக்கான கெட்டி வார்னிஷும், நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும் நாளாக ஆகக் கண்ணாடிபோல இறுகி, முழு இழுப்பில் மயிரிழையாக வெடிக்கும்.

170 சென்டிமீட்டர் வில்லின் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 0.15 சதுர மீட்டர்தான். முதல் பூச்சுக்கு 10 மில்லிக்கு மேல் போகாது. அடுத்தவற்றுக்கு ஒரு தேக்கரண்டி தாராளம். துணியால் தேய்த்துப் பரப்பி, பத்து நிமிடம் பொறுத்து, வேறு காய்ந்த துணியால் மிச்சத்தை அழுந்தத் துடைத்துவிடுங்கள். மினுமினுப்பு குறைகிறதே என்று துடைக்காமல் விடுவதுதான் இந்தப் பூச்சில் நடக்கும் பெரிய தவறு. தடித்த எண்ணெயின் மேல்தோல் முதலில் காயும், அடியிலுள்ளதுக்குக் காற்று கிடைக்காது, பாலாடைபோலச் சுருங்கும். எண்ணெய் காய்வது ஆவியாவதால் அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து இறுகுவதால்.

நாண் பள்ளத்தில் நூல் கட்டித் தூசி இல்லாத, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். கால் மணி நேரம் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். எவ்வளவு துடைத்தாலும் கீழ்நுனியில் தேன்சொட்டு மாதிரி ஒரு துளி திரண்டு நிற்கும். அதை ஒற்றி எடுத்துவிட்டு, அடுத்த பூச்சுக்கு வில்லைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நுனியில் கூடும் ஒவ்வொரு கிராமும் அம்புக்குப் போக வேண்டிய விசையைத் தின்னும். பூச்சை மெலிசாக வைக்க இது இன்னொரு காரணம்.

24 மணி நேர இடைவெளியில் நாலு பூச்சு போதும். ஒன்றுவிட்டு ஒன்றுக்கு இடையில் 0000 எண் ஸ்டீல் ஊலால் (மிக மெல்லிய இரும்பு நார்ப்பஞ்சு) லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடுங்கள். ஓக் போலத் துவர்ப்பு மிகுந்த மரமாக இருந்தால் ஸ்டீல் ஊலுக்குப் பதிலாகச் சாம்பல் நிற நைலான் பேட் நல்லது. இரும்புத் துகளும் ஈரமும் சேர்ந்தால் அந்த மரத்தில் நீலக்கறுப்புக் கறை விழும்.

இப்போது ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். இறுகும்போது லின்சீட் எண்ணெய் வெப்பத்தை வெளியிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் அடைபட்டு, யாரும் நெருப்பு வைக்காமலே சில மணி நேரத்தில் துணி தீப்பற்றும். திறந்த வெளியில் ஒற்றையாக விரித்து விறைப்பாகும்வரை காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் முக்கி வையுங்கள். ஒரே ஒரு துணிதானே என்ற விதிவிலக்கு இதில் கிடையாது.

கடைசிப் பூச்சுக்குப் பின் இரண்டு வாரம் நாணேற்ற வேண்டாம். மூக்கை வைத்துப் பாருங்கள், எண்ணெய் வாடை அடித்தால் இன்னும் இறுகவில்லை.

மெழுகு

தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு, எடையில். மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, அடுப்பை முழுக்க அணைத்து வெளியே கொண்டுபோன பிறகுதான் டர்பன்டைன் ஊற்ற வேண்டும். ஆறினால் வெண்ணெய்ப் பதம். பட்டாணி அளவு எடுத்து வில்லின் ஒரு கைக்குத் தேய்த்து, அரை மணி நேரம் கழித்துக் கம்பளித் துணியால் கை சூடு ஏறும்வரை தேயுங்கள். 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெழுகேற்றிய கம்பளித் துணியால் வில்லைத் தினமும் தேய்க்கச் சொன்னார்கள். தண்ணீரை வழியவிடுவதில் அந்தப் பழக்கத்துக்கு இன்றும் குறையில்லை. மெழுகு கடைசிதான். அதன் மேல் வேறெதுவும் பிடிக்காது.

சில மரங்கள், சில சிக்கல்கள்

இப்பே, ரோஸ்வுட் போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மரங்களில் எண்ணெய்ப் பூச்சு நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். மரத்தில் இயல்பாக உள்ள சத்து, எண்ணெய் ஆக்சிஜனைப் பிடிப்பதைத் தடுக்கிறது. அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே அரக்கு போட்டால் இந்தச் சிக்கல் எழாது. அடியில் அரக்கு வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு வாதம்.

மூங்கில் முதுகுள்ள வில்லில், வெளித்தோலின் வழவழப்பில் எதுவும் ஒட்டாது. ஸ்கிரேப்பர் தகட்டைச் செங்குத்தாகப் பிடித்து அந்தக் கண்ணாடித் தோலை மட்டும் வழியுங்கள். அதற்கு அடுத்த அடுக்கில்தான் மூங்கிலின் வலுவான நார்கள் இருக்கின்றன, கணு மேட்டைச் சமமாக்க நினைக்கவே வேண்டாம். நரம்பு அல்லது பச்சைத்தோல் ஒட்டிய வில்லில் உள்ள விலங்குப் பசை தண்ணீரில் இளகும். முழுக்கக் காய்ந்த பிறகு, அதன் மேல் அரக்கைக் கூடுதலாக இரண்டு பூச்சு போடுங்கள். ஓசேஜ் ஆரஞ்சு மரத்தின் மஞ்சள் வெயிலில் பழுப்பாகத்தான் மாறும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் அதைத் தள்ளிப்போடும், அவ்வளவே.

உலராத எண்ணெய்கள் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் ஒருபோதும் இறுகாது. தூசி பிடிக்கும், பின்னால் நல்ல பூச்சு போட நினைத்தாலும் விடாது.

பூசிய வில்லில் சில மாதம் கழித்து மெல்லிய கோடு தெரிந்தால் அது பூச்சிலா, மரத்திலா என்று பார்த்தாக வேண்டும். நாணை இறக்கி, அந்த இடத்தை மட்டும் 0000 ஸ்டீல் ஊலால் பத்து தடவை தேயுங்கள். கோடு மறைந்தால் பூச்சுதான் வெடித்திருக்கிறது. மறையாமல் நகத்தில் தட்டினால் மரம். முதுகில் பஞ்சை இரு திசையிலும் இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் நூலிழை மாட்டிக்கொண்டால் சிலாம்பு எழும்பத் தொடங்கியிருக்கிறது, அந்த வில்லை மேற்கொண்டு இழுக்கக் கூடாது. வயிற்றில் குறுக்காக, எதிர்வெளிச்சத்தில் மட்டும் தெரியும் சுருக்கம் என்றால் நார் நசுங்கிய இடம் அது. எந்தப் பூச்சாலும் அதைக் குணப்படுத்த முடியாது, பெரும்பாலும் வளைவு அங்கே கூடுதலாக இருந்திருக்கும்.

மழையில் நனைந்த வில்லின் நாணை உடனே இறக்கி, துடைத்து, நிழலில் படுக்க வையுங்கள். அடுப்பருகிலோ வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வேண்டாம். மறுநாள் எடை போட்டுப் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். 5 கிராம் கூடியிருந்தால் ஏறத்தாழ ஒரு சதவீத ஈரம் ஏறியிருக்கிறது, அது இறங்கும்வரை நாணேற்றக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை டர்பன்டைன் துணியால் மெழுகை நன்றாகத் துடைத்தெடுத்துவிட்டு, நாண் உரசும் பள்ளங்களைப் பாருங்கள். நாணின் கண்ணி பூச்சை முதலில் அறுப்பது அங்கேதான். மரம் வெளியே தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் அரக்கு இரண்டு பூச்சு, மறுநாள் எண்ணெய் வார்னிஷ் ஒரு பூச்சு, இரண்டு வாரம் கழித்து மெழுகு.